ஒரு மருந்துக் காப்புரிமையை எதிர்ப்பது எப்படி? நோயாளர் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. தினமும் பேருந்தில் அதைக் கடந்து போகிற பலருக்கு, தங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடும் மாத்திரையின் விலைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரியாது. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து பற்றிய விண்ணப்பம் அது. கம்பெனி விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 10,000 ரூபாய்க்குள் விற்றுக்கொண்டிருந்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் அந்த இரண்டாவது விலை கடைகளிலிருந்து மறைந்திருக்கும். அதை எதிர்த்து மனுப் போட்டவர்களில் மருந்து நிறுவனங்களோடு கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற நோயாளர் உதவிச் சங்கமும் இருந்தது.

அப்படியொரு மனுவை எப்படித் தயாரிப்பது, எங்கே உதவி கேட்பது, மனு தோற்றால் வேறென்ன வழி என்பதுதான் இந்த வழிகாட்டி. மருந்தகப் படிப்பு படித்தவர், ஒரு மருத்துவர், ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடலாம். மீதிக்கு வழக்கறிஞரோ பேட்டண்ட் ஏஜென்டோ வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து 1995 ஜனவரி 1 அன்று அறிவுசார் சொத்து பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. மருந்துக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்தியா தனக்குக் கிடைத்த அவகாசத்தைக் கடைசி நாள்வரை பயன்படுத்திக்கொண்டது. அதுவரை மருந்தைத் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை. 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே.

ஆனால் அந்த ஒப்பந்தம் சில விஷயங்களை அந்தந்த நாட்டின் கையிலேயே விட்டிருக்கிறது. எதைக் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வது, எதிர்ப்பு மனுவுக்கு இடம் தருவதா, எப்போது கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் பிறர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுப்பது, அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொள்வது, வேறு நாட்டில் மலிவாக விற்கும் மருந்தை இறக்குமதி செய்வது எல்லாம் அதில் அடக்கம். இவற்றைத்தான் டிரிப்ஸ் நெகிழ்வுகள் என்கிறார்கள். சலுகை என்றோ கருணை என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம், இந்த ஒப்பந்தத்தைப் பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் விதத்தில் பொருள்கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கும். தேதி தவறாமல் தாள் போட ஆள் இருக்க மாட்டார். காப்புரிமை அலுவலகம் தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. குவியும் விண்ணப்பங்களுக்கு நடுவில், ஒரு பரிசோதகர் ஒரு மருந்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

படி 1: மருந்தின் சரியான பெயரும் காப்புரிமை எண்ணும்

பிராண்டு பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதல்முறை தேடியபோது நான் அந்தத் தவறைத்தான் செய்தேன். 'பதிவு இல்லை' என்று வந்ததும் காப்புரிமையே இல்லை என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். காப்புரிமை விண்ணப்பத்தில் பிராண்டு பெயர் இருக்காது. பல நேரம் மருந்தின் பொதுப்பெயர்கூட (எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாத பெயர்) இருக்காது, ஏனென்றால் பெயர் வைப்பதற்கு முன்பே விண்ணப்பம் போடப்பட்டிருக்கும். நீளமான வேதியியல் பெயர்தான் இருக்கும்.

எனவே பொதுப்பெயரிலிருந்து தொடங்குங்கள். மெடிசின்ஸ் பேட்டண்ட் பூல் நடத்தும் மெட்ஸ்பால் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பொதுப்பெயரைப் போட்டால், நாடு வாரியாகக் காப்புரிமை நிலவரம் வரும். எச்.ஐ.வி., காசநோய், ஹெபடைட்டிஸ் சி மருந்துகளுக்கு அது நன்றாக உதவும். அங்கே கிடைக்காத மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆரஞ்சு புக் பாருங்கள்; அமெரிக்கக் காப்புரிமை எண்கள் வரும். அந்த எண்ணை எஸ்பேஸ்நெட் என்ற ஐரோப்பியத் தேடுதளத்திலோ, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டண்ட்ஸ்கோப்பிலோ கொடுத்தால், அதே கண்டுபிடிப்புக்கு மற்ற நாடுகளில் போடப்பட்ட விண்ணப்பங்கள் ஒரு குடும்பமாக விரியும். அதில் இந்திய எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்திய எண்ணே கொஞ்சம் கதை சொல்லும். பழைய எண்களில் நடுவில் எழுத்துகள் இருக்கும். க்ளிவெக் விண்ணப்பத்தின் எண் 1602/எம்.ஏ.எஸ்./1998. சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில்வே குறியீடும் அதே எம்.ஏ.எஸ்.தான், மறக்காது. 2016-லிருந்து வந்த எண்களில் முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது இலக்கம் அலுவலகம்: 1 என்றால் டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை.

இந்திய எண் கிடைத்ததும் இன்பாஸ் என்ற இந்தியத் தேடுதளத்தில் அதைப் போட்டு, விண்ணப்பத்தின் நிலையையும் பதிவேற்றிய எல்லா ஆவணங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கை வந்திருந்தால் அதை முதலில் படியுங்கள். பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபங்கள் உங்களுக்கு இலவச ஆலோசனை மாதிரி.

ஒரு மருந்துக்கு ஒரே காப்புரிமை என்று நினைக்காதீர்கள். முதலில் மூலக்கூறு, அப்புறம் அதன் உப்பு, படிக வடிவம், மாத்திரைக் கலவை, இன்னொரு மருந்தோடு சேர்க்கை, குழந்தைகளுக்கான வடிவம் என்று வரிசையாக வரும். காசநோய் மருந்தான பெடாக்குலினின் மூலக்கூறுக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிந்தது. அதன் ஃப்யூமரேட் உப்புக்கான விண்ணப்பம் மட்டும் ஏற்கப்பட்டிருந்தால் ஏகபோகம் 2027 டிசம்பர்வரை நீண்டிருக்கும். எனவே ஒரு தாளில் எல்லா விண்ணப்பங்களையும், ஒவ்வொன்றும் எப்போது முடியும் என்பதையும் எழுதுங்கள். எது விழுந்தால் மலிவு மருந்து வர வழி திறக்கும் என்பது அப்போதுதான் தெரியும். மூலக்கூறுக் காப்புரிமைக்கு இன்னும் 12 ஆண்டு இருக்கையில், மாத்திரையின் மேல்பூச்சு பற்றிய விண்ணப்பத்தை எதிர்த்து மாதக்கணக்கில் உழைப்பதில் அர்த்தமில்லை.

படி 2: எந்தக் கதவு திறந்திருக்கிறது?

விண்ணப்பம் வெளியிடப்பட்டு, காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை என்றால் காப்புரிமைச் சட்டப் பிரிவு 25(1) உங்களுக்கானது. 'யார் வேண்டுமானாலும்' எதிர்க்கலாம் என்கிறது சட்டம். இந்தச் சொற்கள்தான் இந்தியச் சட்டத்தின் மிகப் பெரிய பலம் என்பேன். வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காப்புரிமை வழங்கக் கூடாது என்பது விதி. எனவே குறைந்தது அவ்வளவு காலம் உங்கள் கையில் இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே கிடைக்கும். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டதா? வழங்கிய அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரிவு 25(2)-ன்படி எதிர்க்கலாம். இங்கே 'அக்கறையுள்ள நபர்', அதாவது இந்த விஷயத்தில் நேரடித் தொடர்புள்ளவர், என்று காட்ட வேண்டும். செலவும் வேலையும் கூடும். அந்த ஓராண்டும் போய்விட்டால், உயர் நீதிமன்றத்தில் பிரிவு 64-ன் கீழ் ரத்து கேட்கலாம். சிறிய குழுவுக்கு அது மலையேற்றம்தான்.

காப்புரிமை உறுதியாக நிற்கும், ஆனால் மருந்து கிடைக்கவில்லை அல்லது வாங்க முடியாத விலை என்றால் கட்டாய உரிமம், அரசுப் பயன்பாடு. அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

படி 3: உரிமைக்கோரல்களைப் படிப்பது

காப்புரிமை ஆவணம் 100 பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். எதற்கு ஏகபோகம் கேட்கிறார்கள் என்று சொல்லும், கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான் வேலி. மீதிப் பக்கங்கள் அந்த வேலியை நியாயப்படுத்த எழுதியவை. முதல் கோரலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு அம்சத்தையும் தனி வரியாகப் பிரியுங்கள். எந்த அம்சம் ஏற்கெனவே தெரிந்தது, எது புதிது என்று பக்கத்தில் குறியுங்கள். இரண்டு மணி நேர வேலை. முழு மனுவும் இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

படி 4: காரணங்களைத் தேர்ந்தெடுப்பது

பிரிவு 25(1)-ல் 11 காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் மனு கனமாகுமே தவிர வலுவாகாது. மருந்துகளுக்கு நடைமுறையில் பயன்படுபவை சில: ஏற்கெனவே வெளியானது, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, சட்டப்படி காப்புரிமைக்கே தகுதியற்றது, விவரிப்பு போதாது, வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிப் பிரிவு 8-ன்படி தர வேண்டிய தகவலைத் தரவில்லை. சித்த மருந்து, மூலிகை சம்பந்தப்பட்ட விண்ணப்பம் என்றால் மரபறிவு பற்றிய பிரிவு 3(பி)-யையும் (ஆங்கில p எழுத்து) பாருங்கள்.

இவற்றில் பிரிவு 3(டி)-யைத் தனியாகப் பேச வேண்டும். தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் அறியப்பட்ட பலனை மேம்படுத்தாவிட்டால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. உப்பு, எஸ்டர், படிக வடிவம், துகள் அளவு, ஐசோமர், சேர்க்கை எல்லாம், பலனில் கணிசமாக வேறுபடாதவரை, அதே பொருளாகவே கருதப்படும். நோவார்ட்டிஸ் இந்தப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருந்து என்றால் 'பலன்' என்பது சிகிச்சைப் பலன்தான் என்றது. க்ளிவெக்கில் உள்ள மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவம் நன்றாக ஓடும், அதிக நிலைத்தன்மை கொண்டது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்ற வாதங்கள் தயாரிப்பாளருக்கு வசதியானவை. நோயாளியின் உடலில் கூடுதல் பலன் என்பதற்கு அவை சான்றாகவில்லை. உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதமும் அது மட்டுமே போதாது என்று விடப்பட்டது.

அந்தத் தீர்ப்பில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி வேறு நாடுகளில் என்ன சொன்னது என்பதை நீதிமன்றம் பார்த்தது. முந்தைய ஜிம்மர்மன் காப்புரிமை க்ளிவெக்கை உள்ளடக்குகிறது என்ற நிலைப்பாட்டில்தான் அமெரிக்காவில் காப்புரிமைக் கால நீட்டிப்பு வாங்கியிருந்தார்கள். பிரிட்டனில் நாட்கோ என்ற இந்திய நிறுவனத்தின் மருந்துக்கு அதே காப்புரிமையைக் காட்டி வக்கீல் நோட்டீசும் அனுப்பியிருந்தார்கள். அங்கே 'இது பழைய காப்புரிமைக்குள் அடங்கும்' என்று சொல்லிவிட்டு இங்கே 'இது புதிது' என்றால் எப்படி? அதனால் உங்கள் மருந்துக்கும் அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகக் கோப்புகளைக் கட்டாயம் இறக்கிப் படியுங்கள். எல்லாம் பொதுவில் இலவசமாகக் கிடைக்கும். எதிராளியின் வாயிலிருந்து வந்த சொல்லைவிட நல்ல சாட்சி வேறெங்கே கிடைக்கும்?

படி 5: சான்று சேர்ப்பது

இங்கே ஒரே ஒரு தேதிதான் முக்கியம்: முன்னுரிமைத் தேதி. விண்ணப்பம் உலகில் முதன்முதலில் போடப்பட்ட நாள் அது. இந்தியாவில் போட்ட நாள் கிடையாது. அதற்கு ஒரு நாள் முன்னால் வெளியான கட்டுரை உங்கள் ஆயுதம். ஒரு நாள் பின்னால் வெளியானது குப்பை. ஒவ்வொரு ஆவணத்தின் முதல் பக்கத்திலும் வெளியான தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

எங்கே தேடுவது? பழைய காப்புரிமைகள், ஆய்விதழ்கள், மாநாட்டுச் சுருக்கங்கள், பாடப்புத்தகங்கள். உப்பு வடிவம், படிக வடிவம் பற்றிய விண்ணப்பங்களுக்கு மருந்தியல் பாடப்புத்தகம் எதிர்பாராத அளவுக்கு உதவும், ஏனென்றால் கரைதிறனைக் கூட்ட எந்த உப்புகளை முயன்று பார்ப்பார்கள் என்பது பாடத்திலேயே இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆய்வேடும் வெளியீடுதான். நம் ஊர் பார்மசி கல்லூரி அலமாரிகளில் தூசு படிந்து கிடப்பவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் அது எந்தத் தேதியிலிருந்து வாசகர்களுக்குக் கிடைத்தது என்பதற்கு நூலகரின் கடிதம் வேண்டும்.

நிபுணர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் இருந்தால் மனுவின் எடையே மாறும். மருத்துவர் சிகிச்சைப் பலன் பற்றிப் பேசலாம். படிக வடிவம் பற்றி வேதியியல் பேராசிரியர் பேச வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் பேசினால் குறுக்கு விசாரணை மாதிரியான கேள்விகளில் மாட்டிக்கொள்வார்.

நோயாளிகளின் அனுபவத்தையும் சேர்க்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மருந்து விலை அதிகம் என்பது காப்புரிமையை மறுக்கச் சட்டக் காரணம் ஆகாது. மனுவின் முதல் பத்தியில் நீங்கள் யார், ஏன் வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்ல அது உதவும். மனு வெல்வது வேதியியலாலும் தேதிகளாலும்தான். பல குழுக்கள் உணர்ச்சிகரமாக 20 பக்கம் எழுதிவிட்டுச் சான்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தலைகீழாக்குங்கள்.

படி 6: மனுப் போடுவது

படிவம் 7ஏ. அதோடு அறிக்கை, சான்றுகள், நேரில் பேச வாய்ப்புக் கேட்டு ஒரு வரி. விண்ணப்பதாரருக்கும் ஒரு நகல். நேர்விசாரணை கேட்காமல் விட்டுவிடாதீர்கள், பின்னால் வருந்துவீர்கள்.

2024 மார்ச்சில் விதிகள் மாறின. முன்பு இலவசமாக இருந்த இந்த மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. தனிநபருக்குக் குறைவு, அமைப்பின் வகையைப் பொறுத்து மாறும். போடும் நாளில் அலுவலக இணையதளத்தின் கட்டண அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு மாற்றம் அதைவிட முக்கியமானது. மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்று கன்ட்ரோலர் (மனுவை முடிவு செய்யும் காப்புரிமை அதிகாரி) முதலிலேயே பார்ப்பார். வேறு யாரோ பின்னால் இருந்துகொண்டு அப்பாவிகளின் பெயரில் மனுப் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெகுநாளாக உண்டு. எனவே முதல் பக்கத்திலேயே நீங்கள் யார், இந்த நோயோடும் மருந்தோடும் உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். மருந்து நிறுவனம் ஏதாவது செலவை ஏற்கிறது என்றால் அதை மறைக்க வேண்டிய சூழலுக்கே போகாதீர்கள்.

மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போனால் விண்ணப்பதாரர் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். உரிமைக்கோரல்களைத் திருத்தி, சுருக்கி அனுப்புவது வழக்கமான உத்தி. திருத்திய கோரல்களை மறுபடி முதலிலிருந்து பிரித்துப் படியுங்கள். உங்கள் பழைய வாதம் புதிய கோரலுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம்.

படி 7: விசாரணை நாள்

பெரும்பாலும் காணொலியில்தான் நடக்கிறது. அரை மணி நேரத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் யார் மனதிலும் நிற்காது. உங்களது வலுவான ஆவணம் எதுவோ அதிலிருந்து தொடங்கி, பக்க எண், வரி எண் சொல்லி வாசியுங்கள். விசாரணைக்குப் பின் எழுத்துவழி வாதம் தாக்கல் செய்யலாம். அதைச் சோம்பலால் விடாதீர்கள், ஏனென்றால் ஆணை எழுதும்போது கன்ட்ரோலர் கையில் இருப்பது அதுதான். பரிசோதகருக்கும் விண்ணப்பதாரருக்கும் நடக்கும் பரிசோதனை நடவடிக்கை தனி. அதில் உங்களுக்குப் பங்கு கேட்க உரிமையில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அது தெரியாமல் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முடிவு எப்படி வேண்டுமானாலும் வரலாம். பெடாக்குலினில் வென்றார்கள். காசநோய் மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறன் இழந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசைல் இருவரும் 2019-ல் எதிர்த்த உப்பு விண்ணப்பத்தை மும்பை அலுவலகம் 2023 மார்ச் 23 அன்று நிராகரித்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் அமைப்புகளில் ஒன்றான, சென்னையைச் சேர்ந்த பாசிட்டிவ் விமன் நெட்வொர்க், ஐ.என்.பி. பிளஸ் அமைப்போடு சேர்ந்து எதிர்த்த, குழந்தைகளுக்கான நெவிரபின் என்ற எச்.ஐ.வி. சிரப் விண்ணப்பம் 2008-ல் நிராகரிக்கப்பட்டது. ஹெபடைட்டிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிரின் கதை வேறு. 2015 ஜனவரியில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம், உயர் நீதிமன்றம் திருப்பியனுப்பிய பிறகு 2016 மேயில் காப்புரிமையாகவே ஆகிவிட்டது.

தோற்றால் என்ன? விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு உண்டு. வழங்கலுக்கு முந்தைய எதிர்ப்பில் தோற்றவருக்குச் சட்டத்தில் மேல்முறையீடு இல்லை. ஆனால் காப்புரிமை வழங்கப்பட்டதும் ஓராண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும், பிரிவு 25(2)-ன் கதவு திறந்திருக்கும். சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டதால் மேல்முறையீடுகள் இப்போது உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன.

கட்டாய உரிமம்: ஒரே ஒருமுறை

காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டு ஆனபின் பிரிவு 84-ன்படி கேட்கலாம். மூன்று காரணங்கள்: மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, நியாயமான விலையில் கிடைக்கவில்லை, இந்தியாவில் பயன்படுத்தப்படவில்லை. முன்னதாகக் கம்பெனியிடம் தன்விருப்ப உரிமம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு வழக்கமாக ஆறு மாதம்.

2012 மார்ச் 9 அன்று நாட்கோ நிறுவனத்துக்கு பேயரின் நெக்சவார் புற்றுநோய் மருந்துக்கு இது கிடைத்தது. மாதம் 2,80,428 ரூபாய் இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. பேயருக்கு 6 சதவீத ராயல்டி, பின்னர் 7 ஆனது. எவ்வளவு மருந்து விற்றோம் என்று பேயரே படிவம் 27-ல் தாக்கல் செய்த கணக்குதான் அதற்கு எதிரான முக்கிய ஆதாரமானது. எந்த மருந்துக்கும் படிவம் 27-ஐ எடுத்துப் பாருங்கள்; விற்ற அளவு பழைய படிவங்களில்தான் இருக்கும். தேவைப்படும் நோயாளிகள் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை பேருக்கு என்று ஒரு கழித்தல் போட்டால் போதும்.

அதற்குப் பிறகு கேட்ட நிறுவனங்களுக்கு மறுப்புதான். நோயாளர் குழு நேரடியாகக் கேட்க முடியாது என்றில்லை. ஆனால் தயாரிக்கும் திறன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதால், தயாரிப்பாளரோடு சேர்ந்து பிரமாணப் பத்திரம் கொடுப்பதே நடைமுறைக்கு உகந்தது. கட்டாய உரிமத்துக்குத் தேசிய அவசரநிலை வேண்டும் என்பது நிறையப் பேர் சொல்லும் தவறான தகவல். அவசரநிலையிலும் லாப நோக்கமற்ற பொதுப் பயன்பாட்டிலும் முன்பேச்சு தேவையில்லை, அவ்வளவுதான் டிரிப்ஸ் 31-வது பிரிவு சொல்வது.

அரசே பயன்படுத்திக்கொள்ள பிரிவு 100 இருக்கிறது. மலேசியா இதே மாதிரியான வழியில் 2003-ல் எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவிலிருந்து வாங்கியது. 2017-ல் சோஃபோஸ்புவிருக்கும் அதையே செய்தது. அந்த அறிவிப்பு வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு மருந்துக் கம்பெனி, மலேசியாவைத் தன் தன்விருப்ப உரிமப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது! அழுத்தம் கொடுத்தால் கதவு எப்படித் திறக்கிறது பாருங்கள். ஏற்றுமதிக்கான கட்டாய உரிமம் சட்டத்தில் இருந்தாலும் அதன் சர்வதேச நடைமுறை தலைசுற்றும். உலகிலேயே ஒருமுறைதான், கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு எச்.ஐ.வி. மருந்து போனது. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

தொழில்நுட்ப உதவி: யாரிடம், எப்படிக் கேட்பது?

டிரிப்ஸ் 67-வது பிரிவின்படி வளர்ந்த நாடுகள், கேட்டால், வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியும் நிதி உதவியும் செய்ய வேண்டும். 2007-ல் வைப்போ ஏற்ற வளர்ச்சித் திட்டத்தின் 45 பரிந்துரைகளில் 14-வது, இந்த நெகிழ்வுகளைப் பயன்படுத்த ஆலோசனை தருவது பற்றியது. இவை அரசுகள் கேட்பதற்கானவை. ஆனால் உங்கள் மாநில சுகாதாரத் துறைக்கு எழுதும் கடிதத்தில் இவற்றைக் குறிப்பிட்டால், அதிகாரி மறுக்க யோசிப்பார். ஜெனீவாவின் சவுத் சென்டர், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் இரண்டும் அரசுகளோடு வேலை செய்பவை. குழுக்களுக்கு நெருக்கமாக இருப்பவை மலேசியாவின் பினாங்கில் உள்ள மூன்றாம் உலக வலைப்பின்னல், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்றவை.

உதவி கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மருந்தின் பொதுப்பெயர், என்ன நோய், உங்களுக்குத் தெரிந்த நோயாளிகள் எத்தனை பேர், இப்போதைய விலை, விண்ணப்ப எண்கள், அவற்றின் நிலை, அருகில் இருக்கும் கெடு, உங்களுக்கு வேண்டியது என்ன என்ற ஒரே கேள்வி. 'மருந்து விலை குறைய உதவுங்கள்' என்று எழுதினால் அனுதாபம்தான் திரும்ப வரும். 'இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் முதல் கோரலுக்கு எதிராக இந்த இரண்டு கட்டுரைகள் போதுமா?' என்று எழுதினால் பதில் வரும்.

வரும் உதவி எல்லாம் நல்ல உதவி என்றும் சொல்ல முடியாது. சட்டம் எழுதித் தருகிறேன், பயிற்சி தருகிறேன் என்று வருகிறவர்கள், டிரிப்ஸ் கேட்காத கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. மருந்துப் பரிசோதனைத் தரவுக்குத் தனி ஏகபோகம், காப்புரிமைக் கால நீட்டிப்பு, மருந்து அனுமதியைக் காப்புரிமையோடு முடிச்சுப் போடுவது: இந்த மூன்றும் எந்த வரைவில் இருந்தாலும் நிமிர்ந்து உட்காருங்கள். உதவுகிறவர் யார் பணத்தில் வேலை செய்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 2003-ல் அறிவுசார் சொத்து மசோதா வந்தபோது, டிரிப்ஸ் அனுமதிக்கும் நெகிழ்வுகளை அது விட்டுவிட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. அவற்றைச் சேர்க்காதது சமத்துவ உரிமைக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகே திருத்தத்தோடு 36-ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் எழுதப்படும்போதே தலையிடுவது, பின்னால் மனுமேல் மனுப் போடுவதைவிட மலிவு.

வெள்ளிக்கிழமை வேலை

இந்தியக் காப்புரிமை இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் வெளியாகிறது. குழுவில் ஒருவர் அதைப் பார்ப்பதை வாடிக்கையாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் நோய்க்கான மருந்துகளின் வேதியியல் பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் போதும். ஒரு நோட்டில் ஐந்து பத்தி: விண்ணப்ப எண், முன்னுரிமைத் தேதி, வெளியான தேதி, பரிசோதனை கேட்டாகிவிட்டதா, வழங்கப்பட்டால் அந்த அறிவிப்பு வெளியான தேதி. கடைசிப் பத்தி நிரம்பிய அன்றே அதற்கு ஓராண்டு தள்ளிய தேதியைச் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பார்க்கிறவர் ஊருக்குப் போனால் அந்த வாரம் யார் பார்ப்பார் என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.